வீட்டைக் கேட்காத வைத்தியம்

(மன்னார்குடியில் வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் காவிரிப் படுகையின் கிழக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பணியாற்றிய காலத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் மாதந்தோறும் இளைப்புக்கு மருந்து வாங்க வருவார். பீடி, சுருட்டைத் தொட்டறியாதவர். வெற்றிலை கூடப் போடமாட்டார். மாத்திரையை மாற்றினேன், உறிஞ்சும் மருந்து கொடுத்தேன், நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னேன். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்ததும் என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. பிறகு அவர் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து, விசாரிக்கச் சென்றபோதுதான் அந்த அடுப்பங்கரையைக் கண்டேன். ஆறடிக்கு ஏழடி இருக்கும், சன்னல் கிடையாது, உத்தரமும் பரணும் தார் பூசியதுபோல் பளபளத்தன. அவருடைய மருத்துவச் சீட்டில் எத்தனையோ இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ‘வீட்டில் எதை எரிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை. இன்று நான் பேச வந்தது அந்த விடுபட்ட கேள்வியைப் பற்றித்தான்.

சுற்றுச்சூழல் கேடு என்றால் ஆலைப் புகைபோக்கியும் சாயக்கழிவு ஓடும் ஆறும்தான் நம் கண்முன் வருகின்றன. நெல்வயல் சூழ்ந்த ஊரில் காற்று சுத்தம் என்று நாம் நம்புவதற்கும் அதுவே காரணம். அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அவர்கள்மீதே கருவி பொருத்தி அளந்தார். 2020-இல் காலமாகும் வரை அந்தப் பொருளை அவர் விடவில்லை. அவர் சொன்ன ஒரு கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளியேறும் ஒரு கிராம் மாசு காற்றில் விரவி, மழையில் கரைந்து, மனித நுரையீரலை எட்டுவது மிக அற்பமான பங்கு. அதே ஒரு கிராம் வீட்டுக்குள் வெளிவந்தால், அது யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு தோராயமாக ஆயிரம் மடங்கு. ஆகவே எவ்வளவு புகை என்பதைவிட எங்கே புகை, அப்போது அங்கே யார் இருந்தார் என்பதே முதலில் கேட்க வேண்டியது. அடுப்பங்கரையில் இருந்தவர் வீட்டுப் பெண். அவர் இடுப்பில் இருந்தது குழந்தை.

விறகும் வறட்டியும் தென்னை மட்டையும் எரியும்போது எழும் நுண்துகள்களில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராதவை. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை அவை இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டியில், ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. நம் நாட்டின் அளவுகோல் 40. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. பக்கவாதமும் மாரடைப்பும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பும் குழந்தைகளின் நிமோனியாவும் அதில் அடக்கம்.

இதைச் சொன்னால் யாராவது ஒருவர் எழுந்து, ‘என் பாட்டி தொண்ணூறு வயது வரை ஊதுகுழலோடுதானே இருந்தார்?’ என்று கேட்பார். தொண்ணூறு வரை வாழ்ந்த பாட்டி நம் நினைவில் நிற்கிறார். நாற்பதிலேயே இளைத்து இளைத்துப் போன சின்னப் பாட்டியை, ‘அவளுக்கு எப்போதுமே பூஞ்சை உடம்பு’ என்று சொல்லி மறந்துவிட்டோம். பாட்டி வாழ்ந்த வீட்டின் அமைப்பும் வேறு. கூரைவீட்டில் கீற்றின் இடுக்கெல்லாம் புகைக்கு வழி. மாலை வேளையில் தெருமுனையில் நின்றால் கூரை முழுவதும் ஆவி பறப்பதுபோலத் தெரியும். ஓட்டுவீட்டில் ஓடுகளின் சந்து அந்த வேலையைச் செய்தது. வசதியுள்ள வீட்டில் முற்றம் செய்தது. கூரைவீட்டைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரைக்கடியில் இருந்தவர் எவரும் அதைப் போற்றமாட்டார். கான்கிரீட் தளம் மழையையும் தீயையும் தடுத்தது. அதோடு புகையையும் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. அடுப்பை மாற்றாமல் கூரையை மட்டும் மாற்றிய வீடுகளில் நிலைமை முன்பைவிட மோசமாகிறது.

அதுதான் இப்போது எல்லா வீட்டிலும் எரிவாயு வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது, ஆனால் காப்பி, தாளிதம், பிள்ளைகளின் அவசரச் சமையல் ஆகியவற்றுக்கு சிலிண்டரும், உலை வைக்கவும் வெந்நீர் போடவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் கொல்லை அடுப்பும் என்று இரண்டும் ஓடுகிற வீடுகளே நான் பார்த்தவற்றில் அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் கொல்லை அடுப்பு தாவாரத்துக்கு ஏறிவிடும். ஈர விறகு இருமடங்கு புகையும், சாரலுக்காகக் கதவு அடைபடும், துணி உள்ளே காயும், சுவரில் பூஞ்சை படரும். ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவைத் தூண்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே தனி வழிகாட்டியாக வெளியிட்டிருக்கிறது. குழந்தையின் இளைப்பு அந்த மாதங்களில் ஏறுவதை ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எரிவாயு கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுத்த இரு பகுதிகளில் ஒன்று நம் நாகப்பட்டினம். இங்கே பொறுப்பேற்று நடத்தியவர்கள் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார். பாதிப் பேருக்கு அடுப்பும் 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசம். மற்றவர்கள் வழக்கம்போல் விறகு. பெண்கள் சுவாசித்த நுண்துகள், விறகுப் பிரிவில் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, எரிவாயுப் பிரிவில் 24 ஆகக் குறைந்தது. பிறக்கும் குழந்தைகளின் எடையும் அதற்கேற்பக் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 20 கிராம். புள்ளியியல் கணக்கில் அதைப் பலன் என்று கொள்ள முடியாது. அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனாலும் அதைப் புகைக்குக் கிடைத்த நற்சான்றாகப் படிப்பது தவறு. அவர்களுக்கு எரிவாயு கிடைத்தது கருவுற்று ஒன்பது வாரம் கடந்த பிறகு. அதற்கு முந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டுப் புகை அந்த உடலில்தான் இருந்தது. சிசுவின் எடையைத் தாயின் ரத்தசோகையும் உணவும் உயரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எடை கூடவில்லை என்பதால் தாயின் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் 70-ம் 24-ம் ஒன்றாகிவிடாது. ஒரு வீட்டில் ஒரு கேடு மட்டும் தனியாகக் குடியிருப்பதில்லை என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

கொசுவர்த்தியைப் பாருங்கள். கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூரார் சொன்ன காலம் இருந்தது. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகுவது. கொல்லையில் குளியல் நீர் போக வழியில்லை, கொசு பெருகுகிறது, இரவில் கதவைச் சாத்தி ஒரு சுருளைக் கொளுத்திவிட்டுக் குழந்தையோடு படுக்கிறோம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ பகலில் கடிப்பது, நாம் மூடாமல் விட்ட குடத்தின் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடுவது. இரவுச் சுருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொல்லையில் ஒரு உறிஞ்சுகுழி வெட்டியிருந்தால் படுக்கையறையில் புகை குறைந்திருக்கும். கொசுவலையைப் பற்றிச் சொன்னால் புழுக்கம் என்கிறார்கள். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது, நானும் வலைக்குள் படுத்தவன்தான்.

பூச்சிமருந்துப் புட்டியை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசத் தனியே ஒரு மாலை வேண்டும். தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீர் உவர். கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தாலோ, முறை தவறினாலோ, மக்கள் கைப்பம்பிடம் போகிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கலந்த நீர் நாக்குக்குக் கரிக்கும், பழகினால் பழகிவிடும். அதில் குளோரைடு 600 மில்லிகிராம் அளவில் இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் விரும்பத்தக்க வரம்பு 250. வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி உண்டு. நாளுக்கு மூன்று லிட்டர் குடிப்பவர் மூன்று கிராம் உப்பைத் தண்ணீரிலேயே குடித்துவிடுகிறார். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தம் ஏறியவரிடம் ‘ஊறுகாயை விடுங்கள், கருவாட்டை விடுங்கள்’ என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. வங்கதேசக் கடற்கரையில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் உவர்நீரையும் உயர் ரத்த அழுத்தத்தையும் தொடர்புபடுத்தியிருக்கின்றன. நம் கடற்கரைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ள இடமுண்டு. உங்கள் ஊரில் யாராவது அந்த வீட்டின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது, அந்த 60 சதுர அடியை அடுப்பங்கரைக்கு ஒதுக்கி, மேலே ஓடு போட்டு, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கதவும் அடுப்புக்கு மேலே ஒரு திறப்பும் வைக்கும்படி கொத்தனாரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தளம் போட்ட பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது.