ஊரடங்கில் நாம் பெரிதும் இழந்தது நம்பிக்கையே!

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் அணித் தலைவரே, இந்தத் தை மாதக் குளிரில் பிள்ளைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குமுளி, கம்பம், கூடலூர் மக்களே, எல்லோருக்கும் என் பொங்கல் வணக்கம்.

"கொரோனா ஊரடங்கில் நாம் பெரிதும் இழந்தது வருமானமா, அரசின் மேலிருந்த நம்பிக்கையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வருமானமே என்றார். அவர் சொன்ன நஷ்டக் கணக்கில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்தது என்று மத்திய அரசே அறிவித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வாங்க ஆள் வராமல் கொடியிலேயே வீணானது. தேக்கடியில் படகு நின்றது. போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நின்றது. அந்த வருடக் கார்த்திகையில் சபரிமலைக்குச் சாதாரண நாளில் ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி என்று ஆரம்பித்தார்கள். ஐயப்பமார்களை நம்பிக் கடனுக்குச் சரக்கு எடுத்து வைத்த சிப்ஸ் கடைக்காரரும், லாட்ஜ்காரரும், டாக்ஸி ஓட்டும் தம்பியும் என்ன பாடு பட்டார்கள் என்பதை இந்த ஊரில் வந்து நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் உண்மை. ஆனால் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். இதில் எது திரும்பி வந்தது, எது வரவில்லை?

இந்த மலை, விலை விழுவதையும் எழுவதையும் பார்த்துப் பார்த்துப் பழகிய மலை. 2018 வெள்ளம் ஏலத்தோட்டங்களைச் சரித்துப் போட்டது. அடுத்த வருடம் ஆகஸ்டில் அதே புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டே வருடத்தில் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் இறங்கியது. 2024ல் மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டியது. நகையை அடகு வைப்பதும் மீட்பதும், மீட்க முடியாமல் மூழ்கிப்போனால் அழுதுவிட்டு மறுநாள் ஜீப்பில் ஏறுவதும் நம் பெண்களுக்குப் புதிதில்லை. வருமானம் போனால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். ஆள்கிறவர்கள் சொல்லும் சொல்லை நம்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு. ஒரு நாள் வெளியே வராதீர்கள் என்றார்கள், நாடே வரவில்லை. அடுத்த சில நாட்களில் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தங்கள் ஊருக்குத் தாங்களே காவல் நின்ற கிராமங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. எந்த அதிகாரியும் வந்து மிரட்டவில்லை. அரசு சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசுகள் என்ன செய்தன என்பதைத்தான் நான் பேச வந்தேன்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசம்! கொடிய நோய், வேகமாக முடிவெடுக்க வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த 21 நாள் மே 3 ஆனது, பிறகு மே 17 ஆனது, பிறகு மே 31 ஆனது. ஒவ்வொரு தடவையும் கூலிக்காரக் குடும்பம் அரிசியை அளந்து, அந்தத் தேதி வரைக்கும் வருமாறு பிரித்து வைத்தது. தேதி மாறிக்கொண்டே போனது. கேட்க ஆளில்லை. நடக்க ஆரம்பித்தார்கள். மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்து அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் மே 8ஆம் தேதி சரக்கு ரயில் ஏறியது. ஊரடங்கில் ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த மாநிலம் திரும்பினார்கள் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்ன அதே அரசிடம், வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்படி ஒரு தரவு இல்லை என்று பதில் வந்தது. அது 2020 செப்டம்பர். திரும்பிப் போனவனை எண்ணத் தெரிந்த அரசுக்குச் செத்துப்போனவனை எண்ணத் தெரியவில்லை என்றால், அடுத்து அது சொல்லும் எந்தக் கணக்கை நம்புவது?

எங்கோ வடக்கில் நடந்ததை ஏன் இழுக்கிறாய் என்று எதிரணி அக்கா முகம் சுளிக்கிறார்கள். சரி அக்கா, நம் வாசலுக்கே வருகிறேன்.

இந்தக் குமுளி ஒரே ஊர். தமிழ்நாட்டு பஸ்ஸில் வந்து இறங்கினால், கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்துக் கேரள பஸ் பிடிக்கலாம். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் வேலைக்குப் போய், பொழுது சாய வீடு திரும்புகிற சனம் நாம். போடிமெட்டு வழியாகப் போகிறவர்கள் தனி. சோறு பொங்குவது ஒரு மாநிலத்தில், கூலி வாங்குவது இன்னொரு மாநிலத்தில். இது இரண்டு அரசுக்கும் தெரியாத ரகசியமா? 2020 மார்ச் 20ஆம் தேதியே தமிழ்நாடு எல்லையை மூடுவதாக அறிவித்தது. கேரளாவுக்குள் போக அந்த அரசின் ஜாக்ரதா இணையதளத்தில் பாஸ். தமிழ்நாட்டுக்குள் வர இ-பாஸ். போனால் தனிமை, வந்தால் தனிமை. காலையில் போய் மாலையில் வருகிற பெண்ணுக்கு எந்தப் பாஸ்? அவளை எந்த விதியில் எழுதினார்கள்? கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்டினால்தான் இ-பாஸ் என்றார்கள். கிடைக்காமல் அலைந்தவர்கள் அலைந்துகொண்டே இருக்க, பணம் வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துக் கொடுத்த புரோக்கர்கள் கைதானார்கள். கடைசியில் ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் இ-பாஸ் என்று மாற்றினார்கள். நல்லது. அப்படியானால் அதற்கு முந்தின நாள் வரை அப்பனின் பிணத்துக்குக்கூடப் போக முடியாமல் நின்றவனுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த வருடமும் அதே கதை. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளாவிலிருந்து வருகிறவர்கள் ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா பரிசோதனைச் சான்றோ, இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு சொன்னது. கேரளாவில் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம், காரணம் நியாயமானது. ஆனால் அந்தச் சான்றைத் தினமும் எல்லை தாண்டுகிற தினக்கூலி எங்கே போய் எடுப்பாள், என்ன செலவாகும், யார் அந்தச் செலவை ஏற்பது என்பதை செக்போஸ்ட்டில் நின்ற போலீஸ்காரருக்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் பாவம்தான். மேலே இருந்து வந்த தாளை வைத்துக்கொண்டு சனத்தின் ஏச்சை வாங்கினார். ரோடு மூடிக் கிடந்த மாதங்களில் காட்டுப்பாதையில் ஏறிப்போனவர்கள் உண்டு. யானைத் தடம் உள்ள பாதை, அட்டை உள்ள பாதை. சட்டத்தை மீறுகிறோம் என்று தெரியாமலா போனார்கள்? இன்ன தேதியில் இன்ன மாதிரி திறப்போம் என்று ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் கஞ்சியைக் குடித்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்.

நமக்கு மட்டும் நடந்ததில்லை இது. கேரள எல்லையில் இருக்கிற தலப்பாடியில் கர்நாடகம் ரோட்டில் மண்ணைக் கொட்டி அடைத்தது. மங்களூர் ஆஸ்பத்திரியையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் வழியில் தடுக்கப்பட்டு இறந்தார்கள். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கச் சொல்லி உத்தரவு போடும் நிலை வந்தது. அதே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டத்தில் ஆந்திராவுக்குப் போகும் சாலையின் குறுக்கே ஹாலோ பிளாக் கல் அடுக்கிச் சுவரே எழுப்பினார்கள். கண்டனம் கிளம்பியதும் இடித்தார்கள். ஒரு தேசத்துக்குள் பக்கத்து மாவட்டத்துக்காரனைப் பார்த்துச் சுவர் வைக்கிற எண்ணம் ஓர் அரசு அலுவலகத்தில் பிறந்ததே, அதை எந்தப் பொருளாதாரப் புள்ளிவிவரத்தில் எழுதுவீர்கள் அண்ணா?

சாத்தான்குளத்தை நான் சொல்லாமல் இறங்க மாட்டேன். 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் பிணமாகத்தான் வீடு வந்தார்கள். நோயிலிருந்து உயிரைக் காக்கப் போட்ட விதியின் பேரில் இரண்டு உயிர் போனது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் கடை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஷட்டரை இழுத்து மூடும்போது எதை நினைத்துப் பயந்தார்கள்? கொரோனாவையா?

இனி அண்ணன் பெரிதாகப் பேசிய கடனுக்கு வருகிறேன். மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. டிவியில் கேட்டவுடன் நம் குழுக்கடன் வாங்கிய பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அது கடன் கொடுத்தவர்களுக்குத் தரப்பட்ட அனுமதி. தள்ளி வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டளை கிடையாது. தள்ளி வைத்தாலும் அந்த மாதங்களுக்கு வட்டி ஓடும். இதை எத்தனை பேருக்கு, எந்த மொழியில், யார் விளக்கினார்கள்? வசூலுக்கு ஆள் வாசலில் வந்து நின்றபோது, "தவணை கட்ட வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிருச்சே தம்பி" என்று சொன்ன அக்காவுக்கு, கவர்மெண்டு சொன்னது வேறு, தான் கேட்டது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணா, அந்தக் கடனை அவள் அடைத்துவிட்டாள். அடுத்து டிவியில் வருகிற சலுகையை அவள் நம்புவாளா?

அரசுகள் நல்லதே செய்யவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மத்திய அரசு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி இலவசமாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் கார்டுக்கு 2020ல் ஆயிரமும், அடுத்த வருடம் இரண்டு தவணையாக நாலாயிரமும் வந்தது. நாட்டிலேயே முதல் நோயாளியை 2020 ஜனவரி 30ஆம் தேதி திருச்சூரில் கண்டு பிடித்த கேரளா, மாநிலம் முழுக்க சமூக அடுக்களை திறந்தது, வீடு வீடாகக் கிட் கொடுத்தது. முதலமைச்சரே பல நாள் மாலையில் உட்கார்ந்து இன்றைக்கு இத்தனை பேர், நாளைக்கு இது திறக்கும், இது மூடும் என்று சொன்னார். மலையாளம் அரைகுறையாகப் புரிந்த தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற நம் மக்கள்கூட டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் கிட்டில் இருந்த பருப்பு தீர்ந்து போனது. மாலையில் ஒருவர் வந்து சொல்வார் என்ற எண்ணம் மனதில் நின்றது. என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நர்ஸ் அக்காக்களும், ஆஷா ஊழியர்களும், தூய்மைப் பணியாளர்களும் அரசின் பேரில் நம் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் மேல் நமக்கிருந்த நம்பிக்கை குறையவே இல்லை, காரணம் அவர்கள் சொன்ன நாளில் வந்தார்கள்.

"பசித்தவனுக்கு நம்பிக்கை சோறு போடுமா?" என்று எதிரணி அக்கா கேட்டார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். பதில் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஊருக்குச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அது காரணமில்லை என்று மத்திய நிபுணர் குழு முடிவு சொன்னபோது அக்டோபர். இடையில் இரண்டாவது அலை வந்து நம் வீடுகளில் புகுந்து போய்விட்டது. தடுப்பூசி முகாமைப் பார்த்து நம் தெருக்களில் பெரியவர்கள் கதவைச் சாத்தினார்களே, அது பணமில்லாமலா? ஊசி இலவசம்! அரசு சொல்வதை நம்பாமல் சாத்தினார்கள். நம்பிக்கை சோறு போடாது அக்கா, ஆனால் அது இல்லாத இடத்தில் உயிர் போகும், உயிரோடு அந்த வீட்டின் கூலியும் போகும். அதே தமிழ்நாட்டில் செப்டம்பர் 12ஆம் தேதி ஒரே நாள் முகாமில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டார்கள். ஊர் ஊராகப் போய், தெரிந்த முகங்களை வைத்துப் பேசிய பிறகு நடந்தது அது.

கடைசியாகச் சாவுக் கணக்கு. 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைத் தமிழ்நாடு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. விடுபட்ட சுமார் 7,000 மரணங்களைச் சேர்க்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் கேரளா சொன்னது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று முடிவானது. சான்றிதழில் கோவிட் என்று எழுதாமல் விட்டதால், வீட்டில் செத்தது எதனால் என்று நிரூபிக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஐம்பதாயிரத்துக்காக மட்டும் அலையவில்லை. என் மனுஷன் எதனால் செத்தான் என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அலைந்தார்கள்.

விடுபட்டதைச் சேர்த்த அரசுகளை நான் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறேன். இதோ இந்த மேடைக்குப் பின்னால் இருக்கிற மலை மேல் மங்கலதேவி கண்ணகி கோட்டம். விசாரிக்காமல் தண்டித்த மன்னன், தவறென்று தெரிந்த கணத்தில் சபையிலேயே ஒப்புக்கொண்டான். சித்திரை முழுநிலவுக்கு அந்த மலை ஏற நாம் இரண்டு மாநில அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒவ்வொரு வருடமும் ஏற்பாடு செய்கிறோம். திருவிழாவுக்கு உட்கார முடிகிற அதிகாரிகள், தொற்று வந்தபோது ஜீப்பில் போகிற கூலிப் பெண்ணுக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பாஸ், ஒரே விதி, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அறிவிப்பு என்று ஏன் செய்யவில்லை?

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். எதிரே இருக்கிற இந்தச் சனத்தைக் கேளுங்கள். நாளைக்கு இன்னொரு நோய் வந்து, "குமுளி கேட்டை மூடுகிறோம், பதினைந்தே நாள், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், அந்தப் பதினைந்து நாளை நம்பி வீட்டில் இருப்போம் என்று எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கைகளை எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.