நிலைப்பது வளர்த்த ஆட்களே

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, கோயில் வீதி மணலில் உட்கார்ந்திருக்கிற என் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு தலைவரின் பெயரை, ஒரு முதலாளியின் பெயரை, அவருக்குப் பிறகும் நிலைக்க வைப்பது அவர் சேர்த்த சொத்தா, அவர் வளர்த்த ஆட்களா? இதுதான் இன்றைய கேள்வி. வளர்த்த ஆட்களே என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். மனிதர் போய்விடுவார், கட்டிடம் நிற்கும் என்றார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், முதல் இல்லாமல் யாரை வளர்ப்பது என்று கேட்டார். கடைசியாக, வளர்த்த கடா மார்பில் பாயும், தொழில் பழகியவன் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான் என்றார். அந்தக் கடைசிப் பேச்சுக்கு முன்வரிசையில் இருந்த முதலாளிமார் தலையாட்டியதைப் பார்த்தேன். அது உண்மையான பயம். அதனால் மற்ற இரண்டையும் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கட்டிடம் நிற்கும் என்ற பேச்சை வேறு ஊரில் கேட்டிருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். 1978 நவம்பர் 23இல் நம் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியில் எத்தனை கூரை பறந்தது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியில், கல்லடியில், அங்கால் பாண்டிருப்பில், மருதமுனையில், சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடையில் யுத்தம். இத்தனைக்கும் பிறகு மறுபடி திறந்த கடைகளை நினைத்துப் பாருங்கள். சுவர் மிஞ்சியதால் திறந்த கடை எத்தனை? கடனுக்குச் சாமான் அனுப்பக் கொழும்பில் ஒருவர் நம்பிய பெயரும், தொழில் தெரிந்த இரண்டு கையும் மிஞ்சிய இடத்தில்தான் தகரக் கொட்டிலுக்குள் தராசு மறுபடி தொங்கியது.

நம் வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் சிலையாக நிற்கிறார். அவரையும் மற்ற இளம் பாதிரிமாரையும் இலங்கைக்குக் கூட்டி வரப் புறப்பட்ட தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் கப்பலிலேயே இறந்துவிட்டார். கூட வந்த இளைஞர்கள் திரும்பிப் போகவில்லை. 1814இல் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், 1815 ஏப்ரலில் இங்கேயே காலமானார். ஓர் ஆண்டு நிறையவில்லை. அந்தக் கொஞ்ச மாதத்தில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஓர் ஆண்டுகூட இருக்காத மனிதர் என்ன சொத்துச் சேர்த்திருக்க முடியும்? பின்னால் வந்தவர்கள் எடுத்து நடத்தினார்கள், அவ்வளவுதான்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தைத் திறந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போய்விட்டார். இரண்டே வருடம்! புதிதாகத் தொடங்கிய கடையை இரண்டாம் வருடத்தில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கடல் கடந்து போக நமக்கு மனம் வருமா? சுவாமி போனார், பள்ளி நடந்தது. 1947இல் அவர் மறைந்தபோது அந்தப் பள்ளி வளவிலேயே சமாதி வைத்தார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். துறவிக்கு ஏது சொத்து?

கோயிலும் கட்டிடம்தானே என்று எதிரணியில் ஒருவர் கேட்கக்கூடும். இன்றைய திருவிழா எந்தக் குடிக்கு, எந்தத் தாய்வழி வம்சத்துக்கு உரியது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். நேற்று ஒரு குடி, இன்று ஒரு குடி, நாளை இன்னொரு குடி. கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர் மாறுவார், சாவி கைமாறும், பூசை நிற்காது. போன வருடம் இந்த மேடைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஓடியோடிப் பார்த்த ஒரு பெரியவர் இந்த வருடம் இல்லை. அவருடைய மருமகன் அதே இடத்தில் நின்று அதே வேலையைப் பார்க்கிறார். யாரும் அவருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருடமாக மாமனோடு நின்று பழகியவர் அவர்.

மருமகன் என்றதும் ஜப்பான் ஞாபகம் வருகிறது. கொங்கோ குமி என்று கோயில் கட்டுகிற தச்சர்களின் நிறுவனம். கி.பி. 578இல் தொடங்கியது. தகுந்த மகன் இல்லாத தலைமுறையில் திறமையான மருமகனுக்குக் குடும்பப் பெயரையே கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறுகிற நமக்கு இது அதிசயமாகப் படாது. இப்படி 1400 வருடம் ஓடிய நிறுவனம் எதனால் விழுந்தது தெரியுமா? 1980களில் நிலத்தில், கட்டிடத்தில் முதலீடு செய்தார்கள். விலை சரிந்தது, கடன் ஏறியது, 2006இல் வேறொரு நிறுவனத்துக்குள் போக வேண்டியதாயிற்று. எதிரணித் தலைவர் நிற்கும் என்று சொன்ன அதே சொத்துத்தான் விழுத்தியது. தச்சர்கள் போகவில்லை. அதே பெயரில் இன்றும் கோயில் கட்டுகிறார்கள்.

பம்பாய் தாஜ் ஹோட்டலையும் எதிரணித் தலைவர் காட்டினார். ஜம்ஷெட்ஜி டாடா கண்ட பெரிய கனவுகள் நான்கு. ஹோட்டல் ஒன்றுதான் அவர் உயிரோடு இருக்கும்போது, 1903இல், திறந்தது. 1904இல் அவர் இறந்துவிட்டார். இரும்பு ஆலைக் கம்பனி 1907, பெங்களூர் விஞ்ஞானக் கழகம் 1909, நீர்மின் கம்பனி 1910. மூன்றையும் செய்து முடித்தவர்கள் அவர் விட்டுப்போன ஆட்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த முதல் பணத்துக்கு வருவோம். முதல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கும்போது இருந்தது 11 கட்டில். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார். கண்ணைச் சோதிப்பது, நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்வது எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கை. 2006இல் அவர் மறைந்தார். மருத்துவமனை அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 11 கட்டில் என்ன பெரிய சட்டியா? அகப்பையைப் பிடிக்கப் பழக்கியதுதான் விஷயம்.

இனி வளர்த்த கடா. இதற்கு நான் வெளியூர் போகப் போவதில்லை.

நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். எந்த ஊர், என்ன கடை என்பதை விட்டுவிடுவோம். முதலாளி நல்ல மனிதர். இல்லாதவர் கடன் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். விடிய ஐந்து மணிக்குக் கடை திறப்பார். ஆனால் லாச்சிச் சாவி, காசு போடுகிற மேசை இழுப்பறையின் சாவி, எப்போதும் அவர் மடியில்தான். மத்தியானம் சாப்பிடப் போனால் லாச்சியைப் பூட்டிவிட்டுப் போவார். மிச்சக் காசு கொடுக்க முடியாமல் சனம் அவர் வரும்வரை காத்து நிற்கும். யாருக்கு எவ்வளவு கடன், கொழும்புப் புறக்கோட்டையில் எந்த மொத்தக் கடை எத்தனை நாள் தவணை தரும், எந்த மில்லில் அரிசி எந்த மாதம் மலிவு, எல்லாம் அவர் தலைக்குள். கேட்டால், "அது எனக்குத் தெரியும், நீ மூட்டையை இறக்கு" என்பார். பழகினால் ஓடிவிடுவோம் என்ற பயம். எதிரணித் தலைவர் சொன்ன அதே பயம்.

ஒரு நாள் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் கழித்து மகன் வந்து லாச்சியைத் திறந்தார். நானும் இன்னும் இரண்டு பொடியன்மாரும் பக்கத்தில் நின்றோம். உள்ளே சிகரெட் மட்டைத் துண்டுகள், றப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக. பென்சிலால் எழுதியிருந்தது. "வெ.வீ. 12." "பா.கா. மூன்றரை." ஒன்றில் "அவர் 40" என்று மட்டும் இருந்தது. அவர் என்றால் எவர்? ஆரையம்பதியாரா, ஏறாவூராரா? நாற்பது ரூபாயா, நாற்பதாயிரமா? மகன் எங்கள் முகத்தைப் பார்த்தார், நாங்கள் அந்த மட்டையைப் பார்த்தோம். நாங்கள் கொடுக்க வேண்டியவர்கள் பில்லோடு உடனே வந்தார்கள். எங்களுக்குத் தர வேண்டியவர்களில் மனச்சாட்சி உள்ள சிலர் வந்தார்கள். சித்திரை வருடத்துக்கு முன் கடை மூடியாயிற்று.

கட்டிடம் நிற்கிறது, நடுவர் அவர்களே. இரண்டு மாடி. நெற்றியில் சீமெந்தால் அவர் பெயர் எழுதியிருக்கிறது. கீழே இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அவர்களுடைய விளம்பரப் பலகை அந்த எழுத்துக்கு மேல்தான் அடித்திருக்கிறது.

அதே தெருவில் நாலு கடை தள்ளி ஒரு தையல் கடை. மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தையல் கடையில் சேருகிற பொடியனுக்கு முதல் இரண்டு வருடம் பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும்தான் வேலை. வெட்டுகிற கத்தரிக்கோலை யாரும் தொடவிட மாட்டார்கள், ஏனென்றால் வெட்டுத்தான் தொழிலின் உயிர். இந்த மாஸ்டர் எட்டாம் மாதம் கத்தரிக்கோலைக் கையில் கொடுப்பார்.

என் தம்பி அங்கே பழகினான். முதல் நாள் கொடுத்தது ஒரு வாத்தியாரின் களிசான் துணி. நல்ல துணி. தம்பி தொடைப் பக்கம் இரண்டு விரல் உள்ளே வெட்டிவிட்டான். நான் போன நேரம் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். மாஸ்டர் துணியை மடித்து ஒரு பக்கம் வைத்தார், தன் சட்டைப் பையில் இருந்து காசு எடுத்தார், "ஓடிப்போய் இதே துணி வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார். வந்த துணியையும் தம்பியிடமே கொடுத்தார். "துணி போனா வாங்கலாம் மனே. கை பயந்துபோனா அதை எங்க வாங்குற?"

அந்த ஒரு துணியின் விலைதான் ஆள் வளர்ப்பதற்கான முதல். எதிரணித் தலைவர் கேட்ட சட்டி அதுதான். கட்டிடத்தில் போடுகிற காசில் எத்தனை துணி வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. மாஸ்டர் ஆடி மாதத்துக்கு முன்னால் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர். உகந்தையில் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமண, யால என்று நாள் கணக்கில் காடு. ஆளைப் பிடிக்க முடியாது. போகிற அன்று கடைச் சாவி, கத்தரிக்கோல், கடன் கொப்பி மூன்றையும் மூத்த பொடியனிடம் கொடுப்பார். கொப்பியில் முழுப் பெயர், ஊர், திகதி எல்லாம் இருக்கும். திரும்பி வந்து பிழைகளைப் பார்ப்பார், திருத்துவார். அடுத்த வருடம் அதையே செய்வார். தான் இல்லாத கடையை வருடா வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. முன்வரிசையில் இருக்கிற முதலாளிமாரே, நீங்கள் பதினைந்து நாள் காட்டுக்குள் போனால் உங்கள் கடையில் யார் முடிவெடுப்பார்?

அவரிடம் பழகிய பொடியன்மார் போனார்களா? போனார்கள். ஒருவர் கல்முனையில் கடை போட்டார், ஒருவர் வாழைச்சேனையில், ஒருவர் அதே தெருவிலேயே. எதிரணித் தலைவர் சொன்னது நடந்தது. ஆனால் ஒவ்வொரு கடையிலும் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாஸ்டரின் படம் இருக்கிறது. கலியாணச் சீசனில் ஒரு கடையில் வேலை கூடினால் மற்றக் கடைக்குத் துணி போகும். "அவர்ட வெட்டு" என்று சனம் சொல்கிறது. எந்தக் கடையில் தைத்தாலும் அதே சொல்தான்.

அவர் இறந்த நேரத்தில் கலியாண ஓர்டர் மூன்று மேசையில் கிடந்தது. சோக்கால் கோடு போட்டது போட்டபடி, வெட்டாமல். அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் கல்முனைக்காரரும் வாழைச்சேனைக்காரரும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒருவரும் அளவுக் கொப்பியைக்கூடத் திறக்கவில்லை. இந்த வளைவு தோளுக்கு, இந்தச் சின்னப் புள்ளி தையலுக்கு விட்ட இடம், இந்த இரட்டைக் கோடு மாப்பிள்ளை வயிறு வைத்தவர் என்பதற்கு. மூன்று பேருக்கும் அவருடைய கோடு வாசிக்கத் தெரிந்திருந்தது. தம்பி கத்தரிக்கோலை எடுத்தான். துணி வெட்டுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.