வெயிட் குறைஞ்சவங்க ஏன் கிளினிக்க விட்டு ஓடினாங்க?

மக்களே, வெயிட்ட குறைக்கணும்னு ஒரு கிளினிக்குக்கு ஆளுக வாறாங்க, நெசமாவே குறையுது, ஆனா பாதியில நின்னு போறது நல்லா குறைஞ்சவங்கதான், கேட்டியளா!

இது 1980கள்ல, அமெரிக்காவுல சான் டியாகோ. வின்சென்ட் ஃபெலிட்டின்னு டாக்டர் மண்டைய பிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு பேசுனா, நெறைய பேருக்கு சின்ன வயசுல பாலியல் கொடுமை நடந்திருக்கு. ஒரு பொண்ணு நூறு கிலோவுக்கு மேல குறைச்சவ, கூட வேலை பாக்குற ஆள் ஒருத்தன் தப்பா பேசுனதும் மறுபடி ஏற ஆரம்பிச்சிருச்சு. நமக்கு அது கொழுப்பு, அவளுக்கு அது மதில். விளையைச் சுத்தி கட்டியிருக்க மதில எவனாவது இடிச்சா நமக்கு வெப்ராளம் வராதா? இத படிச்சப்ப எனக்கு கையில இருந்த சாயா ஆறிப்போச்சு.

அப்புறம் 9,500 பேருக்கு மேல கேட்டு 1998ல ஆய்வு வந்துச்சு, சின்ன வயசு கஷ்டம் கூடக்கூட பின்னால மனச்சோர்வு, குடி, இதய நோய்க்கு வாய்ப்பு கூடுதுன்னு. வாய்ப்புதான், தலைவிதி இல்ல. கிராஃப் எல்லாம் காட்டுனா நீங்க ஸ்கிப் பண்ணிருவிய, விடுங்க.

நம்ம ஊருக்கு வருவோம். 2004 சுனாமில குளச்சல், மணக்குடி பட்ட பாடு ஓர்மை இருக்குல்லா? 2017ல ஒக்கி புயல், கடலுக்குப் போன அப்பா திரும்பல. அந்த வீட்டுப் பய காத்து பலமா அடிச்சா கிளாஸ்ல இருந்து எழும்பி ஓடுனா நாம என்ன கேப்போம்? "உனக்கு என்ன கேடுலேய்?" அத "உனக்கு என்ன ஆச்சு மக்கா?"ன்னு மாத்துறதுதான் 'ட்ராமா இன்ஃபார்ம்டு கேர்'னு சொல்ற, ஆளு முன்னாடி பட்ட காயத்த மனசுல வச்சு நடத்துற வைத்திய முறையோட ஆணிவேர். பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098, மனசு சரியில்லன்னா 14416, ரெண்டும் ஃப்ரீ, குடும்ப குரூப்ல குட்மார்னிங் பூவுக்குப் பதிலா இத போடுங்க.

அதுக்காக எல்லார்ட்டயும் பழசக் கிளறணும்னு இல்ல. எங்க சித்திய மார்த்தாண்டத்துல பல்லு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். முன்னாடி போன இடத்துல "அசையாதீங்கம்மா"ன்னு அதட்டுனதுல பாதியில எழும்பி வந்தவங்க. இந்த டாக்டரம்மா கதவ பாதி தெறந்து வச்சாங்க, "இப்ப சேர சாய்க்கட்டுமா? நிறுத்தணும்னா கைய தூக்குங்க"ன்னாங்க. ஏன் பயம்னு ஒரு கேள்வி கிடையாது. சித்தி ரெண்டு தடவ கைய தூக்குனாங்க. ரெண்டாவது தடவ வலிக்கவே இல்லையாம், நெசமாவே நிறுத்துறாங்களான்னு பாத்தாங்களாம். நிறுத்துனாங்க.