படத்தில் தெரிந்த கடற்கரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. பின்னால் ஒரு கல்சுவர், அதற்கும் பின்னால் நான்கைந்து வீடுகள். விடுமுறைக்குப் போன ஒரு குடும்பம் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். இதைப் போர்த்திட்டம் வகுக்கும் ஓர் அதிகாரியிடம் கொடுங்கள். கரையிலிருந்து இத்தனை தூரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றால் கடலடியின் சரிவு என்ன, படகு எங்கே தரைதட்டும், சுமையோடு இறங்கும் வீரன் எவ்வளவு தூரம் தண்ணீரில் நடக்க வேண்டும், சுவரில் ஏற ஏணி வேண்டுமா என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 மார்ச்சில் பிபிசி வானொலி பிரிட்டன் மக்களிடம் இப்படிப்பட்ட படங்களைத்தான் கேட்டது. ஐரோப்பியக் கடற்கரைகளில் எடுத்த படமோ, அங்கே வாங்கிய அஞ்சலட்டையோ, எதுவானாலும் அனுப்புங்கள் என்றது. ஒரு கரையை மட்டும் கேட்டால், படை எங்கே இறங்கப் போகிறது என்று எதிரியான ஜெர்மனிக்குக் குறிப்புக் கொடுத்ததாகிவிடும். அதனால் எல்லாக் கரைகளையும் கேட்டார்கள். வீட்டு அலமாரிகளிலிருந்து இலட்சக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. யார் வீட்டுப் பூட்டையும் உடைக்காமல், எல்லோர் கண்ணிலும் படக்கூடியதிலிருந்து எதிரியின் நிலத்தை அறிந்துகொள்ளும் இந்த வேலையைத்தான் இன்று திறந்த மூல உளவு என்கிறோம்.

இதன் வெற்றிக் கதைகளைச் சொல்ல ஆளுண்டு. நான் முதலில் தியப்பைச் சொல்ல விரும்புகிறேன்.

1942 ஆகஸ்ட் 19. பிரான்சின் தியப் துறைமுகத்தில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. ஏறத்தாழ 6,000 பேர். அவர்களில் 5,000 பேர் கனடா நாட்டவர். டாங்கிகள் அந்தக் கரையில் ஓடுமா என்பதைத் திட்டமிட்டவர்கள் சுற்றுலாப் படங்களைப் பார்த்தே முடிவு செய்திருந்தார்கள். படத்தில் கரை தெரிந்தது. அங்கே பரவிக் கிடந்த கூழாங்கற்கள் டாங்கியின் சங்கிலிப் பட்டைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. பல டாங்கிகள் கடற்சுவரைத் தாண்டவே முடியாமல் கரையிலேயே சிக்கின. செங்குத்தான பாறைகளில் மறைந்திருந்த பீரங்கிகளோ வானிலிருந்து எடுத்த படங்களில்கூடப் பிடிபடாதவை. அந்த ஒரு முயற்சியில் 907 கனடியர்கள் இறந்தார்கள். படங்கள் பொய் சொல்லவில்லை. அவற்றால் சொல்ல முடியாததையும் அவற்றிடமே கேட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படை இறக்கத் திட்டமிட்டவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. படங்களும் வரைபடங்களும் இருந்தன. நிலவியல் குறிப்புகளும் இருந்தன. மணலுக்கு அடியில் சதுப்புக் கரியும் களிமண்ணும் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அப்படியானால் டாங்கி புதையும். 1943 டிசம்பர் 31 இரவு, மேஜர் லோகன் ஸ்காட்-பௌடனும் சார்ஜென்ட் புரூஸ் ஆக்டன்-ஸ்மித்தும் குளிர்ந்த கடலில் நீந்தி, ஜெர்மானியக் காவல் இருந்த அந்தக் கரையில் ஏறினார்கள். வயிற்றால் ஊர்ந்து, துளைக்கருவியால் மணலைக் குடைந்து, குழாய்களில் அடைத்துக்கொண்டு திரும்பினார்கள். இளகிய இடங்களில் கேன்வாஸ் பாயை விரித்துக்கொண்டே முன்னேறும் டாங்கிகளைத் தரையிறக்கத்துக்கு ஆயத்தம் செய்திருந்ததும் இதே கவலையால்தான். எங்கே ஐயப்பட வேண்டும் என்பதைப் பொதுவெளித் தகவல் காட்டியது. அந்த ஐயத்தைத் தீர்க்க இரண்டு பேர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

எண்பது ஆண்டுகள் கழித்தும் வேலையின் முறை இதுதான். 2022 பிப்ரவரி 24 அதிகாலை, ரஷ்யாவின் பெல்கொரோத் நகரிலிருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் சாலையில் போக்குவரத்து நெரிசல் இருப்பதைக் கூகுள் வரைபடம் காட்டியது. அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி லூயிஸும் அவருடைய குழுவினரும் அதைக் கவனித்து, படை நகர்கிறது என்றார்கள். ரஷ்ய அதிபர் புதின் தொலைக்காட்சியில் படையெடுப்பை அறிவிப்பதற்கு முன்பே இது நடந்தது. அந்த நேரத்தில் சாலை நெரிசலுக்கு விபத்துகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் அதே பகுதியில் ரஷ்யக் கவசப்படை நிற்பதைக் காட்டும் செயற்கைக்கோள் ராடார் படம் அவர்களிடம் முன்பே இருந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டின.

உக்ரைன் அரசு இன்னும் ஒரு படி போனது. எதிரிப்படை தென்பட்டால் பொதுமக்கள் கைபேசியிலிருந்தே தெரிவிக்க ஒரு வழியைத் திறந்தது. பொய்த் தகவலைத் தடுக்க, அனுப்புகிறவர் யார் என்பதை அரசுச் செயலியின் வழியாக உறுதி செய்துகொண்டது. ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கவலை அனுப்புகிறவரைப் பற்றியது. 1942இல் படம் அனுப்பிய குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம் தன் வீட்டில் இருந்தது; மணலைத் தோண்டப் போனவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஓர் ஊரில், சன்னல் திரையை விலக்கித் தெருவில் போகும் டாங்கிகளை எண்ணுகிறவருக்கு அந்த இரண்டு வேலையும் சேர்ந்தே வருகிறது. மறுநாள் காலை அவர் ரொட்டி வாங்கப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருக்கும். அங்கே கைபேசியைத்தான் முதலில் கேட்பார்கள்.