ஒரே மேசையில் பல மொழி

வணக்கம் நேயர்களே. சுவிஸில் எங்கள் சனம் வந்து இறங்கத் தொடங்கி நாற்பது வருடம் கடந்துவிட்டது. வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒருவாறு கைகூடிவிட்டன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்து கோப்பி குடித்துக் கதைக்கிறவர்கள் எத்தனை பேர்? அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்தேன்.

நான் இருப்பது பீல் நகரத்தில். பிரெஞ்சில் பியேன் என்பார்கள். நகரசபைப் பதிவில் பாதிக்குச் சற்று மேல் ஜெர்மன், மிச்சம் பிரெஞ்சு. தெருப் பலகைகூட இரண்டு மொழியில்தான். இங்கே நெடுநாளாய் ஒரு வழக்கம் உண்டு: யார் பேச்சைத் தொடங்குகிறாரோ, அவர் எடுத்த மொழியிலேயே மற்றவர் பதில் சொல்வார். பேக்கரியில் நான் 'பொன்ஷூர்' என்றதும், அதுவரை ஜெர்மனில் கதைத்துக்கொண்டு நின்ற பெண் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். அவருடைய பிரெஞ்சும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதற்காக அவர் கூச்சப்படுவதில்லை, நானும் கூச்சப்படுவதில்லை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

பெர்ன், சூரிச் பக்கம் நிலைமை வேறு. வகுப்பில் படிப்பது எழுத்து ஜெர்மன். வேலையிடத்து இடைவேளையில் காதில் விழுவது இங்குள்ளவர்களின் பேச்சுமொழியான சுவிஸ் ஜெர்மன். குடியுரிமைக்கு 2018 முதல் பேச்சில் பி1 தரம், அதாவது அன்றாட விஷயங்களைச் சமாளித்துப் பேசும் அளவு மொழியறிவு, வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டும் கோப்பி மேசையில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. கூட வேலை செய்யும் சுவிஸ்காரர்கள் நம்மோடு தனியே கதைக்கும்போது எழுத்து ஜெர்மனுக்கு வருவார்கள்; ஐந்து பேர் கூடிச் சிரிக்கத் தொடங்கினால் மறந்துபோவார்கள். மறதிதான், வேண்டுமென்று செய்வதில்லை. கூசாமல் கேளுங்கள், மாறுவார்கள். அவர்களுடைய பேச்சுமொழிக்குக் காது பழகினால் போதும். பதிலை எழுத்து ஜெர்மனில் சொல்லலாம். இந்த நாட்டு நாடாளுமன்றத்திலேயே அவரவர் தம் மொழியில்தான் பேசுகிறார்கள்.

இனி எங்கள் பக்கம். சாமத்திய வீடு. மகளின் வகுப்பாசிரியை ஆசையோடு வந்திருக்கிறார். தட்டில் ரோல்ஸும் வடையும். சுற்றிவர எட்டுப் பேர், எட்டுப் பேரும் தமிழில். கண்ணில் படும்போதெல்லாம் சிரிக்கிறோம், இன்னொரு வடை வைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, 'நீ சொல்லு' என்று விடுகிறோம். அது இரண்டு வசனம் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடும். வேலையிடத்தில் எங்களுக்கு வலிக்கிற அதே தனிமையை எங்கள் மண்டபத்தில் அவருக்குக் கொடுக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

தாய்மாமன் ஏன் முன்னுக்கு நிற்கிறார், ஆரத்தி ஏன் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு ஆள் போதும். ஜெர்மன் உடைந்து வந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் அரைகுறைப் பேச்சை விளங்கிக்கொள்வதே ஒரு ஆசிரியையின் தொழில்.

ஆகவே அடுத்த முறை சாப்பாட்டுக்காரருக்கு ஆள் கணக்குக் கொடுக்கும் அன்றே, இப்படி வரும் விருந்தாளியின் மேசையில் அவருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அந்த ஆளைப் படம் பிடிக்கவோ பந்தி பரிமாறவோ கூப்பிடாமல் விட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.