ஜீன் கான்டியரின் பேனா

அவையோர்க்கு வணக்கம்.

1907ஆம் ஆண்டு. நியூயார்க்கில் கேலம் என்ற சின்னப் படக் கம்பெனி. 'பென்ஹர்' என்ற தடித்த நாவலை ஒரே ரீலில் அடங்கும்படி எழுதித் தரச் சொல்லி, அங்கே நடித்துவந்த இளம்பெண் ஒருவரிடம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் எழுதி முடித்துவிட்டார். அவர்தான் ஜீன் கான்டியர்.

கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த நாடக நடிகை அவர். 1906இல் முதல் படத்திலேயே வில்லன் ஆற்றில் தூக்கி எறியும் பெண்ணாக நடித்தார். நீந்தத் தெரியாது! அந்தத் துணிச்சல் பிறகு எழுத்திலும் வந்தது. அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காக உளவு பார்க்கும் பெண்ணின் கதையைத் தொடராக எழுதி, தாமே குதிரையேறி நடித்தார். உடம்பெல்லாம் காயமும் சுளுக்கும். போதும் என்று அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்துக் கதையை முடித்தார். ரசிகர்கள் விடவில்லை. கல்யாணத்துக்கு முன் நடந்ததாக இன்னொரு கதையை எழுத வேண்டியதாயிற்று.

'பென்ஹர்' விஷயத்துக்கு வருகிறேன். நாவலுக்கு உரிமை பெற வேண்டும் என்ற நினைப்பே அன்று படக்காரர்களுக்கு இல்லை. பதிப்பகம் வழக்குப் போட்டது. 1911இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், நாவலைப் படமாக எடுப்பதும் அதை நாடகமாக்குவதற்குச் சமம், உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கம்பெனி பெருந்தொகை கட்டியது. அனுமதியின்றி எடுத்தது தவறுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று தன் நாவல் படமாகும்போது பணம் பெறும் அமெரிக்க எழுத்தாளர் ஒவ்வொருவரும் நிற்கும் சட்டம், அந்த இரண்டு நாள் எழுத்தைத் தொட்டுப் பிறந்தது.

அவருடைய பெரிய சாதனை 1912இல் வந்த 'முன்னணையிலிருந்து சிலுவை வரை' என்ற இயேசுவின் வரலாறு. சிட்னி ஆல்காட் இயக்கினார். கதையெழுதியவரும் மரியாளாக நடித்தவரும் கான்டியரே. செட்டுப் போட்டு ஏமாற்றாமல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய் எடுத்தார்கள். குழந்தை இயேசுவோடு பெற்றோர் எகிப்துக்கு ஓடிவரும் காட்சியில் பின்னால் நிற்பவை உண்மையான பிரமிடுகள்! அட்டைச் சுவரை எழுப்பிப் படமெடுத்த காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம்!

அதே ஆண்டு கேலமை விட்டு விலகி, தம் பெயரிலேயே ஒரு கம்பெனியை ஆல்காட்டோடு சேர்ந்து தொடங்கினார். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் திரையுலகையே விட்டுவிட்டார். 1928இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் தம் நினைவுகளைத் தொடராக எழுதத் தொடங்கினார். தொடக்கக்காலப் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்று ஆராய்பவர்கள் இன்றும் அந்தத் தொடரைப் புரட்டுகிறார்கள்.