தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாஸ்ட் தொழிற்சாலை
(ஆம்பூரில் காலணித் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் ஹாஜியார் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி இருந்த கைதட்டலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்ட கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் சகோதரிகளே (முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வி.ஐ.பி. வரும்போது வரட்டும், நீங்கள் வந்து உட்காருங்கள்), எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். பொன்னாடைக்கு நன்றி. மைக் செட் தம்பி, எக்கோவைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, ஜெர்மனியில் ஒரு குடும்பக் கம்பெனி பிறந்த கதை. இரண்டு, அவர்கள் கட்டிய கட்டடம். மூன்று, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி அந்தக் குடும்பம் தொழிலை எப்படிக் கைவிடாமல் வைத்திருந்தது என்பது. நான் எந்த மேடை ஏறினாலும் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம். இன்றைக்கும் அதுதான்.

வேறு ஊரில் இதைப் பேசினால் லாஸ்ட் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே தேவையில்லை. ஷூவை எந்தக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்து ஏற்றுகிறோமோ அதுதான் லாஸ்ட். லாஸ்ட் சரியில்லை என்றால் உலகத்தின் உயர்ந்த தோலைப் போட்டாலும் கால் கடிக்கும். இந்தக் கட்டையை மட்டும் செய்து விற்ற ஓர் ஆளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெயர் கார்ல் பென்ஷைட். 1858இல் பிறந்தவர். இளவயதில் ஆர்னால்ட் ரிக்லி என்ற இயற்கை வைத்தியரிடம் வேலை பார்த்தபோது, காலுக்குப் பொருந்தாத செருப்பு மனிதனை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்த்துக் கால் வடிவத்தைப் படிக்க ஆரம்பித்தவர். ஹானோவருக்குத் தெற்கே ஆல்ஃபெல்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேரன்ஸ் என்ற முதலாளி லாஸ்ட் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். 1887இல் பென்ஷைட் அங்கே சேர்கிறார். கம்பெனியைத் தன் சொந்தக் கம்பெனி போல வளர்க்கிறார். 1896இல் பெரியவர் காலமாகிறார். அப்புறம் மகன் வருகிறார். இந்த இடத்தில் ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் மேடையில் இருப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது ஜெர்மனிக் கதை. இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கும் வாரிசுக்கும் ஒத்துப்போகவில்லை. 1910இல் பென்ஷைட் வேலையை விட்டுவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. நம்மூரில் அந்த வயதில் வேலையை விட்டால் என்ன சொல்வோம்? பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவாருங்கள் என்போம். அவர் அமெரிக்கா போனார். ஷூ இயந்திர உலகத்தையே கையில் வைத்திருந்த மாசசூசெட்ஸ் கம்பெனியான யுனைடெட் ஷூ மெஷினரியிடம் பேசி முதலீடு வாங்கிக்கொண்டு திரும்பினார். திரும்பி வந்து எங்கே இடம் வாங்கினார் தெரியுமா? ஜெர்மனியில் வேறு ஊரே இல்லையா? இருந்தது. ஆனாலும் அதே ஆல்ஃபெல்டில், பழைய முதலாளியின் தொழிற்சாலைக்கு நேர் எதிரே, ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வாங்கினார். இத்தனை வருடம் அந்தப் பக்கம் இருந்து செய்ததை இனி இந்தப் பக்கம் இருந்து செய்வேன், நீ பார்த்துக்கொண்டே இரு என்பதுபோல. இதற்குக் கைதட்டலாம்.

அதோடு விட்டாரா? பேரன்ஸ் தொழிற்சாலையைக் கட்டிய எட்வார்ட் வெர்னர் என்பவரையே கூப்பிட்டுப் பிளான் போடச் சொன்னார். உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாக வந்துவிட்டது. முகப்புதான் பிடிக்கவில்லை. ரயிலில் போகிறவன் ஜன்னல் வழியே பார்த்தால் அந்தப் பக்கத்துக் கட்டடம் கண்ணில் படக்கூடாது, தன்னுடையதுதான் பட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நேரத்தில், உறவினர் மூலம் விஷயம் கேள்விப்பட்ட ஓர் இளைஞர், முகப்பை நான் செய்து தருகிறேன் என்று கடிதம் எழுதுகிறார். வால்டர் குரோப்பியஸ். வயது 27. பீட்டர் பேரன்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அந்த பேரன்ஸ் வேறு, இந்த பேரன்ஸ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய பேர் இல்லாத பையனை நம்பி பென்ஷைட் வேலையைக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் முதலாளித் தைரியம்.

குரோப்பியஸும் அவர் கூட்டாளி அடால்ஃப் மேயரும் 1911இல் செய்த காரியம் இதுதான். மூன்று மாடிக்கும் கண்ணாடி. செங்கல் தூண்களை லேசாக உள்பக்கம் சாய்த்துவிட்டு, கண்ணாடியை அவற்றுக்கு முன்னால் திரைச்சீலை போல நேராகத் தொங்கவிட்டார்கள். மூலையில் தூணே கிடையாது, கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கின்றன. மூலைத் தூண் இல்லாமல் கட்டடம் எப்படி நிற்கும் என்று அன்றைக்குக் கேட்காதவர் இருந்திருக்க மாட்டார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோம், இந்தப் பையன் சுவரையே எடுத்துவிட்டுச் சித்திரம் போட்டிருக்கிறான்! இதே குரோப்பியஸ்தான் 1919இல் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நாம் அண்ணாந்து பார்க்கிற கண்ணாடிக் கட்டடங்களுக்கு, நம் ஊர் வெயிலுக்கு அவை ஏற்றவையா என்பது தனிக் கேள்வி, தாத்தா முறையில் வருவது ஒரு லாஸ்ட் தொழிற்சாலை.

அரங்கில் இருக்கும் தொழிலாளர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெளிச்சம் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. வேலை செய்கிறவனுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதைக் குரோப்பியஸ் வாதமாகவே வைத்தார். வெளிச்சம் இருந்தால் வேலையும் ஒழுங்காக நடக்கும் என்ற கணக்கும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் சில தையல் பிரிவுகளில் டியூப்லைட்டை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் செய்ததை இன்றைக்கு நாம் கேட்பதில் என்ன தப்பு?

லாஸ்ட் செய்யும் பீச் மரத்தை (பழம் தரும் பீச் இல்லை, இது வேறு மரம்) அறுக்க ஒரு கூடம், உலர்த்த ஒரு கூடம், லாஸ்ட் கடைய ஒரு பெரிய கூடம் என்று அந்த வளாகம் 1925 வரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது, லாஸ்ட் நிற்கவில்லை. மூன்றாவது விஷயமாகக் குடும்பம் போர்க்காலத்தைச் சமாளித்ததைச் சொல்கிறேன் என்றேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் வந்த காரியம் வேறு.

போர் முடிந்த மறு வருடமே, 1946இல், நாடே இடிபாடாகக் கிடந்தபோது, இந்தத் தொழிற்சாலையைப் பாதுகாக்க வேண்டிய சின்னம் என்று அறிவித்தார்கள். 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனையும் கோயிலும் இருக்கிற பட்டியலில் செருப்புக்குக் கட்டை செய்த இடம்! அப்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது, கம்பெனி குடும்பத்தார் கையில்தான் இருந்தது. மரம் அடுக்கிவைத்த பழைய கிடங்கு இன்று கண்காட்சிக் கூடம். குரோப்பியஸுக்கும் பென்ஷைட்டுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை யாரும் பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை. 1928இல் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ச் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படங்கள்கூட இருக்கின்றன.

நம்மிடம் என்ன இருக்கிறது? இந்த ஊரும் ரயில் பாதை ஓரம்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவன் எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் போகிறான். பழைய தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் டேனரிகள், ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவரவர் சொத்து. ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம், ஒரே ஒரு சுவராவது நிற்கட்டும். நகராட்சித் தலைவர் அம்மா முன்னிலையிலேயே கேட்கிறேன். எந்தப் பழைய டேனரியையும் இடிக்க அனுமதி கொடுக்கும் முன், அளந்து வரைபடமும் புகைப்படமும் எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஒன்றைக் காலணித் தொழில் அருங்காட்சியகமாக ஆக்குங்கள். ஹாஜியார் அவர்கள் தலையாட்டுகிறார், அதை எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா?

வீட்டில் பழைய கூலிப் பதிவேடு, கப்பல் ரசீது, தாத்தா காலத்து மர லாஸ்ட், குரூப் போட்டோ எது இருந்தாலும் மேடைக்கு இடதுபக்கம் மேஜை போட்டிருக்கும் தம்பிகளிடம் கொண்டுவந்து கொடுங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு அப்படியே திருப்பித் தருவார்கள். மேஜை ஒன்பது மணி வரைக்கும் இருக்கும். நன்றி, வணக்கம்.